மரவேலைக்குப் பெஞ்ச் ட்ரில்: எதைப் பார்த்து வாங்குவது?

வன்னியில் மல்லாவிப் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேலைநாளில் அவருக்கு வேறு உத்தியோகம். பின்னேரமும் சனி ஞாயிறும் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டிலில் கதிரை, கட்டில், குசினி அலுமாரி என்று செய்கிறார். கை ட்ரில்லால் போடும் துளைகள் சரிந்து போகின்றன. கை ட்ரில்லைப் பூட்டும் ஸ்டாண்ட் வாங்கலாமா, ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் புதிய 13 மி.மீ. பெஞ்ச் ட்ரில்லா (மேசையில் நிறுத்தி, கைபிடியால் இறக்கித் துளை போடும் மெசின்), இல்லை ஜப்பானில் இருந்து இறங்கும் பழைய மெசினா என்பதுதான் கேள்வி.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், தம்பி. நீங்கள் வேலை செய்வது எம்.டி.எப்., பிளைவூட், தேக்கு, மகோகனிப் பலகை என்றால் புதிய 13 மி.மீ. மெசின் போதும். முதிரை, பாலை என்று எங்கள் பக்கத்து மரத்தில் கைவைப்பவர் என்றால் கொஞ்சம் பொறுத்து 16 மி.மீ. வகுப்பு மெசினுக்குக் காசு சேருங்கள். அது புதிதா பழசா என்பது அடுத்த கதை. ஸ்டாண்டை மறந்துவிடுங்கள். அதன் தூண் மெல்லியது, கை ட்ரில்லின் கழுத்தைப் பிடிக்கும் வளையம் அலுமினியம், இறக்கும்போது முழுவதும் ஆடும். கை ட்ரில்லின் மோட்டர் கார்பன் பிரஷ் வைத்தது. வேகத்தைக் குறைத்து ஓட்டினால் பலமும் குறையும், சூடும் ஏறும். நேரான துளை வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் செலவே. அதை ஸ்டாண்ட் தராது.

இந்த 13, 16 என்ற கணக்கைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் எவ்வளவு தடித்த தண்டைப் பிடிக்கும் என்பதுதான் அது. அமெரிக்கக்காரர் மெசினைச் சொல்லும்போது 10 அங்குலம், 12 அங்குலம் என்பார்கள். அது பிட்டின் மையத்துக்கும் தூணுக்கும் இடையில் உள்ள தூரத்தின் இரண்டு மடங்கு. மரவேலைக்காரனுக்கு இந்த இரண்டாவது கணக்குத்தான் உதவும். 13 மி.மீ. வகுப்பில் பிட்டில் இருந்து தூண்வரை ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர்தான் கிடைக்கும். பலகையின் ஓரத்தில் இருந்து அதற்கு மேல் உள்ளே துளை போட ஏலாது. அலுமாரிக் கதவுக்குப் பிரச்சினையில்லை. கட்டிலின் தலைமாட்டுப் பலகை நடுவில் வேலைப்பாட்டுக்குத் துளை போட நினைத்தால் தூண் இடிக்கும். கடைக்குப் போகும்போது அளவுநாடா கொண்டுபோய் நீங்களே அளந்து பாருங்கள்.

இனி வேகம். கடைக்காரர் வாட்டைச் சொல்வார், குதிரைவலுவைச் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது, ஆகக் குறைந்த வேகம் எவ்வளவு என்பதை.

இங்கோ, டோட்டல் போன்ற பெயர்களில் வரும் 350 வாட், 13 மி.மீ. மெசின்களில் ஐந்து வேகம் இருக்கும். ஆகக் குறைந்தது நிமிடத்துக்கு 580 சுற்று அளவில் நிற்கும். 8 மி.மீ. பிட்டுக்கு அது மெதுவான ஓட்டம், விளிம்பு நிமிடத்துக்கு 15 மீற்றர்கூட ஓடாது. அதே வேகத்தில் 50 மி.மீ. போர்ஸ்ட்னர் பிட்டை (அடி தட்டையான பெரிய வட்டத் துளை போடும் பிட்) போட்டால் விளிம்பு 91 மீற்றர் ஓடும். தேக்கில் அது சமாளிக்கும். முதிரையில் புகை வரும், துளையின் சுவர் கறுக்கும், பிட்டின் விளிம்பு நீலம் பாய்ந்து கூர் போய்விடும். நான் முதிரையில் 35 மி.மீ. பிட்டை 500 சுற்றுக்கு மேல் விடுவதில்லை. 50 மி.மீ. என்றால் 300. பாலை என்றால் இன்னும் கீழே. வைரம் பாய்ந்த பாலைக் கட்டை தண்ணீரில் தாழும் மரம். அதில் அவசரம் காட்டினால் போவது பிட்தான்.

அவ்வளவு கீழே இறங்க வேண்டுமென்றால் மெசினின் மூடியைத் திறந்து பாருங்கள். மோட்டரில் ஒரு புலி (பெல்ட் ஓடும் சக்கரம்), சக்கைச் சுற்றும் சுழல்தண்டில் ஒரு புலி, நடுவில் ஒரு பெல்ட் என்றால் அது ஐந்து வேக மெசின். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு புலி நின்று, பெல்ட் இரண்டாக இருந்தால் பன்னிரண்டு அல்லது பதினாறு வேகம். 200, 300 சுற்றுவரை இறங்கும். 16 மி.மீ. வகுப்பில் பெரும்பாலும் இந்த நடுப்புலி இருக்கும். பெல்ட் மாற்றுவது கொஞ்சம் அலுப்பான வேலைதான், ஆனால் பழகிவிடும். இன்னொன்று, மூடிக்குள் ஒட்டியிருக்கும் வேக அட்டவணை 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கு எழுதியதாக இருக்கலாம். எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். அட்டவணையில் 3000 என்று இருந்தால் இங்கே 2500 தான் ஓடும். மரவேலைக்கு அது நட்டமில்லை, கீழ் வேகமும் அதே அளவில் குறைவது லாபம்.

அடுத்தது இறக்கம். கைபிடியைச் சுற்றும்போது சக் எவ்வளவு கீழே வருகிறது என்பது. சின்ன மெசினில் 50 மி.மீ., 16 மி.மீ. வகுப்பில் 80 மி.மீ. அளவு. கதிரைக் கால் பெரும்பாலும் 50 மி.மீ. க்குள் அடங்கிவிடும். கட்டில் கால் 75 மி.மீ. தடிப்பு, அதை ஊடறுத்துப் போல்ட் போட வேண்டும் என்றால் 50 மி.மீ. இறக்கம் பாதி வழியில் நின்றுவிடும். மெசினை நிறுத்தி, மேசையை உயர்த்தி, திரும்பப் போடலாம்தான். அந்த நேரம் மரம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் துளை முறிந்த துளைதான். மேசையை உயர்த்தும் விதத்தையும் கவனியுங்கள். சின்ன மெசினில் மேசையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு திருகாணியை இறுக்க வேண்டும். பெரியதில் பல்சட்டமும் சுற்றுப் பிடியும் இருக்கும், ஒரு கையால் ஏற்றி இறக்கலாம்.

கடையில் வைத்தே செய்யக்கூடிய சோதனைகள் சில இருக்கின்றன. கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் செய்யுங்கள். முதலாவது, கைபிடியை முழுவதும் இறக்கிப் பிடித்துக்கொண்டு சக்கை மற்றக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கையில் தெரிகிற ஆட்டம் இருந்தால் அந்த மெசின் வேண்டாம். அதே பெயர், அதே மொடலில் பக்கத்தில் இருக்கும் மற்றப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். இந்த விலை மெசின்களில் ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் இருக்கும். இரண்டாவது, நேரான 8 மி.மீ. உருக்குத் தண்டு ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோய்ச் சக்கில் இறுக்கி, பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் மெல்லச் சுற்றுங்கள். தண்டுக்குப் பக்கத்தில் ஒரு மரத்துண்டைக் கிட்ட வைத்து இடைவெளியைப் பார்த்தால் தண்டு வளைந்து சுற்றுகிறதா என்று தெரியும். டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவுகருவி) வைத்திருப்பவர்கள் 0.1 மி.மீ. க்குள் இருந்தால் மரத்துக்கு நல்லது என்று எடுக்கலாம்.

மூன்றாவது சோதனைக்கு ஒரு கம்பி போதும். தடித்த கம்பியை ‘ட’ வடிவில் மடித்துச் சக்கில் இறுக்கி, அதன் நுனி மேசையைத் தொடும் அளவுக்கு இறக்கி, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். முன்னால் தொட்டு, பின்னால் இடைவெளி விட்டால் மேசை சரிந்திருக்கிறது. இடம் வலம் சரிவு என்றால் மேசைக்குக் கீழே உள்ள போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம். முன் பின் சரிவு வார்ப்பில் வந்த குறை, தகடு வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். பிறகு கைபிடியை நன்றாக அழுத்தி, மேசை கீழே வளைகிறதா பாருங்கள். தூண் 46 மி.மீ. என்றால் வளைவு கண்ணுக்கே தெரியும். 60 க்கு மேல் என்றால் நிம்மதி. இரண்டு மெசினுக்கு நடுவில் மனம் தடுமாறினால் பாரமானதை எடுங்கள், வார்ப்பிரும்பைப் போலியாகச் செய்ய முடியாது.

ஆழம் நிறுத்தும் பகுதியைப் பலர் பார்ப்பதேயில்லை. குசினி அலுமாரிக்குக் கதவுக்குள் பதியும் கிண்ணக் கீல் போடுகிறீர்கள் அல்லவா? அதற்கு 35 மி.மீ. துளை, ஆழம் 12, 13 மி.மீ. கதவு 16 மி.மீ. பலகை. மிச்சம் நிற்பது மூன்று நாலு மி.மீ. தான். போர்ஸ்ட்னர் பிட்டின் நடு ஊசி இன்னும் கொஞ்சம் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். ஆழ நிறுத்தி பிளாஸ்ரிக் வளையமாக இருந்து, அழுத்தத்தில் ஒரு பல் வழுக்கினால் கதவின் முகப்பில் ஊசி எட்டிப் பார்க்கும். திருகுத் தண்டில் இரண்டு நட் இறுக்கி நிறுத்தும் வகையே நல்லது. ஊசி நீண்ட பிட்டாக இருந்தால் அரத்தால் கொஞ்சம் ராவிவிடுங்கள்.

சரி, கரண்டுக்கு வருவோம். இந்த மெசின்களின் மோட்டர் இண்டக்‌ஷன் மோட்டர். வோல்டேஜ் விழுந்தால் அதன் திருப்புவிசை வோல்டேஜின் வர்க்கத்தில் விழும். 230 க்குப் பதிலாக 180 வந்தால் பலம் ஐந்தில் மூன்று பங்குதான் மிஞ்சும். எங்கள் பக்கம் டிரான்ஸ்போமரில் இருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில், சிறுபோகக் காலத்தில் கிணற்று மோட்டர்கள் எல்லாம் ஓடும் நேரத்தில் இது சாதாரணம். மெசின் உறுமும், சுற்றாது. அப்படி உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டரை உடனே நிறுத்தாவிட்டால் சுருள் எரியும். வாங்க முதல் பின்னேரம் ஆறு ஏழு மணிக்கு கொட்டில் பிளக்கில் மல்டிமீற்றர் வைத்துப் பாருங்கள். 200 க்குக் கீழே அடிக்கடி போகிறதென்றால் கனத்த வேலையைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கொட்டிலுக்கு மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். 2.5 சதுர மி.மீ. வயர், எர்த் சேர்த்து, ட்ரிப் சுவிட்ச் ஊடாகத் தனியாக இழுத்தால் வோல்டேஜும் நிற்கும், தகரக் கொட்டிலில் மழை நாளில் ஷொக் பயமும் குறையும்.

ஜப்பான் பழைய மெசினைப் பற்றி நீங்கள் ஆசையோடு எழுதியிருக்கிறீர்கள். ஆசைக்குக் காரணம் இருக்கிறது. அந்த வார்ப்பு, அந்த பெயாரிங், முப்பது நாற்பது வருடம் ஓடியும் ஆட்டம் இல்லாத சுழல்தண்டு, இவை இன்றைய மலிவு மெசினில் கிடையாது. ஆனால் முதலில் மோட்டரின் தகட்டைத் துடைத்து வாசியுங்கள். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், தொழிற்சாலைக் கரண்ட் 200 வோல்ட் மூன்று பேஸ். தகட்டில் 100 என்று இருந்து, இங்கே நேரே குத்தினால் சில விநாடியில் புகைதான். டிரான்ஸ்போமர் வைத்து ஓட்டலாம். 400 வாட் மோட்டருக்கு, கிளம்பும் நேரத்து இழுப்பையும் சேர்த்து, 1.5 கே.வி.ஏ. ஆவது வேண்டும்.

200 வோல்ட் மூன்று பேஸ் என்றால் வீட்டுக்கு வரும் ஒற்றைப் பேஸில் மூன்று வழி. கெப்பாசிற்றர் கட்டி ஓட்டித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள், ஓடும், ஆனால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஒற்றைப் பேஸ் வாங்கி மூன்று பேஸ் தரும் இன்வேட்டர் டிரைவ் பூட்டினால் பெல்ட் மாற்றாமலே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வேகத்தை மிகவும் குறைத்து நீண்ட நேரம் ஓட்டினால் மோட்டரின் விசிறியும் மெதுவாகிச் சூடேறும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். எனக்குப் பிடித்த வழி மூன்றாவது. பழைய மோட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, 230 வோல்ட், அரைக் குதிரைவலு, நிமிடத்துக்கு 1400 சுற்று ஓடும் மோட்டர் ஒன்றைப் பூட்டுங்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தண்ணீர்ப் பம்ப் புண்ணியத்தில் மோட்டர் வைண்டிங் கடைகள் இருக்கின்றன, அங்கே கேட்டால் கிடைக்கும். புலியின் துளையும் மோட்டர்த் தண்டும் ஒரே அளவா என்று மட்டும் முதலே அளந்துகொள்ளுங்கள். அளவு மாறினால் லேத்துக்குப் போக வேண்டும்.

பழைய மெசினில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுழல்தண்டைக் கையால் சுற்றுங்கள். மணல் அரைப்பது போலக் கரகரத்தால் பெயாரிங் செலவு இருக்கிறது, விலை பேச அது உதவும். சக்கைக் கழற்றி, தண்டுக்குள் இருக்கும் கூம்புத் துளையை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டாம் இலக்க மோர்ஸ் கூம்பு (பொதுவாகப் பாவிக்கும் கூம்பு அளவு) என்றால் நல்லது, வேறு சக் இலகுவாகக் கிடைக்கும். உள்ளே கீறல் முகடுகள் தட்டுப்பட்டால் சக் ஒருநாளும் நேராக நிற்காது. அந்த மெசினை விட்டுவிட்டு வாருங்கள், என்ன விலை சொன்னாலும்.

வன்னி மரம் என்பதால் ஒரு விடயம். வெளியூரில் யாரும் உங்களுக்கு இதைச் சொல்லமாட்டார்கள். போர் நடந்த இடங்களில் நின்ற மரங்களுக்குள் ஷெல் துண்டும் ரவையும் இன்னும் இருக்கின்றன. பனையில், வேம்பில், முதிரையில், எதிலும் இருக்கலாம். காயத்தைச் சுற்றி மரம் வளர்ந்து மூடிவிடும், வெளியில் தெரியாது. மரக்காலைக்காரருக்கு வாள் அலகு போகும், உங்களுக்கு போர்ஸ்ட்னர் பிட்டின் பல் போகும், துண்டு தெறித்தால் கண்ணும் போகும். சீவிய பலகையில் காரணமில்லாமல் நீலக் கறுப்பு நிறத்தில் கறை படர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். மரத்தின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் அந்த நிறம் வரும். பலமான காந்தம் ஒன்றை நூலில் கட்டிப் பலகைக்கு மேலே இழுத்துப் பார்க்கலாம். ஈயமும் செம்பும் காந்தத்துக்குப் பிடிபடாது, ஆகவே கையடக்க உலோகம் காட்டும் கருவி ஒன்று வைத்திருப்பது நல்லது. அது ஒரு நல்ல பிட்டைவிடப் பெரிய செலவில்லை.

மெசின் வந்ததும் முதல் வேலை, அதற்கு மரத்தில் ஒரு மேசை செய்வது. கூட வரும் இரும்பு மேசை உலோக வேலைக்கு அமைத்தது, மரவேலைக்குச் சின்னது. 18 மி.மீ. பிளைவூட் இரண்டு ஒட்டி, 60 சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டி, பின்னால் நகர்த்திப் பூட்டக்கூடிய நேர்ச்சட்டம் ஒன்று வைத்து, இரும்பு மேசையின் பள்ளங்கள் வழியாகப் போல்ட் போட்டு இறுக்குங்கள். பிட் இறங்கும் இடத்தில் ஒரு சதுரத்தை வெட்டி, எம்.டி.எப். துண்டு ஒன்றை மாற்றி மாற்றி வைக்கும்படி செய்யுங்கள். அந்தத் துண்டு அடியில் நெருங்கி நின்றால்தான் துளை வெளியேறும் பக்கம் சிலும்பாது. பனையில் இது இன்னும் முக்கியம், நார் நாராகப் பிய்த்துக்கொண்டு போகும்.

சதுரத் துளை போடும் இணைப்பும் சேர்த்து வாங்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தேக்கில்கூட அதற்குக் கைபிடியில் தொங்க வேண்டும், முதிரையில் மெசினின் தலையே தூணில் மேலே நழுவும். வரிசையாக வட்டத் துளைகளைப் போட்டுவிட்டு மிச்சத்தை உளியால் செதுக்கி எடுங்கள். எங்கள் ஓடாவிமார் துறப்பணத்தால் (கையால் சுற்றும் துளைக் கருவி) துளைத்துச் செய்த அதே வேலைதான், மெசின் நேராகத் துளைத்துத் தருவதால் பாதி நேரம் மிஞ்சும். பழைய திருகு நுனித் துறப்பண அலகு வீட்டில் இருக்கிறதென்று அதைச் சக்கில் பூட்டிவிடாதீர்கள். திருகு தானாக மரத்துக்குள் இழுத்துக்கொண்டு இறங்கும், கைபிடி உங்கள் சொல் கேட்காது. நுனித் திருகை அரத்தால் மழித்துவிட்டால் பாவிக்கலாம்.

சாரத்தோடும் கையுறையோடும் இந்த மெசினுக்குக் கிட்டப் போக வேண்டாம். கையுறை பாதுகாப்பு என்றுதான் பலர் போடுகிறார்கள், சுற்றும் பிட்டில் நூல் ஒன்று பட்டால் விரலோடு சுருட்டிக்கொள்ளும். சின்னத் துண்டைக் கையால் பிடித்துப் பெரிய துளை போடுவதும் அப்படித்தான், கிளாம்ப் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு நீண்ட கட்டையோடு சேர்த்துத் தூணில் அணைய வையுங்கள்.

மாரிக்குத் தூணும் மேசையும் துருப்பிடிக்கும். தையல் மெசின் எண்ணெய் தடவித் துணியால் மூடுங்கள், இடி மின்னல் நேரம் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

மெசினோடு ஐம்பது பிட் அடங்கிய மலிவுப் பெட்டியையும் எடுக்கச் சொல்வார்கள். அதை விட்டு, நடு ஊசி உள்ள மர பிட் 6, 8, 10 மி.மீ. மூன்று, கிண்ணக் கீலுக்கு 35 மி.மீ. கார்பைட் பல் வைத்தது ஒன்று, போல்ட்டுக்கு 10 மி.மீ. நீண்ட பிட் ஒன்று என்று தனித்தனியாக நல்லதாக எடுங்கள். 16 மி.மீ. மெசின் நல்ல பாரம். ஏற்றும்போது தலையைத் தூணில் இருந்து கழற்றிப் படுக்கவையுங்கள், லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு மெசின்) பெட்டியில் நிறுத்திக்கொண்டு வந்தால் உள்வீதிக் கிடங்குகளில் தலைப்பாரத்தோடு அது விழுந்துவிடும்.